பாத் நகரத்து வெந்நீர்க் குளம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் நானும் என் கணவரும் போகிறோம். ஒரு நாள் பாத் நகரத்துக்குப் போய் ரோமானியர் கட்டிய குளியல் கூடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் மகள். “இடிஞ்ச சுவரும் பச்சைத் தண்ணியும், அதுக்கு டிக்கெட் வேறயா?” என்கிறார் இவர். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. போகலாமா?

பதில்: கண்டிப்பாகப் போங்கள் அம்மா. பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம், பாத் ஸ்பா நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வாசல். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, ஆனால் பெரிய குளத்தைச் சுற்றி இருப்பது ரோமானியர் காலத்துக் கல்தளம், மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு மகள் கையைப் பிடித்தபடி மெதுவாக நடங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நுழைந்ததும் மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் பேரரசர் சிலைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. குளத்தைச் சுற்றி நிற்கும் தூண்களிலும் அடிப்பீடம் வரைதான் ரோமானியருடைய வேலை, அதற்கு மேலே இருப்பதெல்லாம் பின்னால் கட்டியது. நிறையப் பேர் மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், நீங்கள் பார்க்க வேண்டியது முழுக்கக் கீழேதான் இருக்கிறது.

கீழே ஒரு கல் வளைவு வழியாக ஊற்று நீர் வழிந்து ஓடும் இடம் ஒன்று உண்டு. ஆவி பறக்கும். தண்ணீரில் இருக்கும் இரும்பு படிந்து படிந்து அங்கே கல்லெல்லாம் செம்மஞ்சளாகிவிட்டது. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். எப்போதோ மலைகளில் பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கி, அங்கே சூடேறி, 46 டிகிரி செல்சியஸில் மேலே வருகிறது, நாளுக்குப் பதினொரு லட்சம் லிட்டருக்கு மேல்! மிஞ்சிய நீரை ஏவன் ஆற்றுக்குக் கொண்டுபோக ரோமானியர் வெட்டிய வடிகாலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது.

அப்புறம் பக்கத்து அறைகளையும் விட்டுவிடாதீர்கள். சதுரச் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டைத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும், எதற்கென்று புரியாமல் பலர் கடந்து போய்விடுகிறார்கள். அந்தத் தூண்களின் மேல்தான் தரை இருந்தது. வெளியே அடுப்பு எரிய, அனல் காற்று இந்த இடுக்குகளில் புகுந்து தரையைச் சூடாக்கியது. ஊற்று நீர் தானாகவே சூடு, சரி, ஆனால் வியர்த்துக் குளிக்கும் அறைக்கு விறகு வேண்டும், அதை எரிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களை நினைத்துக்கொண்டே அங்கே நில்லுங்கள், செங்கல் அடுக்கு வேறு மாதிரி தெரியும்.

கேள்வி: அந்தக் குளத்தில் இறங்கிக் குளிக்க விடுவார்களா? தண்ணீர் ஏன் அவ்வளவு பச்சை?

பதில்: விடமாட்டார்கள், கையால் தொடவும் கூடாது. அங்கே அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்துபோனாள், 1978-இல் குளியல் நிறுத்தப்பட்டது. பச்சை நிறம் பாசியால் வருவது. ரோமானியர் காலத்தில் குளத்துக்கு மேலே உயரமான கூரை இருந்தது, இப்போது வானம் பார்த்துக் கிடப்பதால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கிறது. அடியில் இன்றும் ரோமானியர் பதித்த ஈயத் தகடுகள்தான் இருக்கின்றன, மொத்தம் 45. அதே ஊற்று நீரில் குளிக்க ஆசை என்றால் பக்கத்திலேயே 2006-இல் திறந்த நவீனக் குளியல் கூடம் இருக்கிறது.

கேள்வி: ஊற்றுக்குள் சாபம் எழுதிப் போட்டார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அங்கே இருந்த தெய்வம் சூலிஸ் மினர்வா. காசும் போட்டிருக்கிறார்கள், சாபமும் போட்டிருக்கிறார்கள். மெல்லிய ஈயத் தகட்டில் முறையீட்டைக் கீறி, மடித்தோ சுருட்டியோ ஊற்றில் எறிந்துவிடுவது வழக்கம். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுப் புகார்தான். டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் காணாமல் போயிருக்கின்றன, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று எழுதியிருக்கிறார். வெறும் கையுறைக்கா இவ்வளவு என்று எனக்குத் தோன்றவில்லை. குளிரும் ஊர், வைத்திருந்ததே அது ஒன்றுதானோ என்னவோ.

திருடியவர் யாரென்று தெரியாததால் ஒருவரும் தப்பிவிடக் கூடாதென்று ‘ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ’ என்று சேர்த்து எழுதுவார்கள். பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசைப் பறிகொடுத்த ஒருவர் ‘கிறிஸ்தவரோ, இல்லையோ’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். சில தகடுகளில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

அங்கே போனால் இன்னொரு வகைத் தகட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லே இல்லை, எழுத்து மாதிரித் தெரியும் கீறல்கள் மட்டும்தான். எழுதத் தெரியாத யாரோ, அம்மனுக்குப் புரிந்துவிடும் என்று நம்பி, வரி வரியாகக் கீறித் தண்ணீரில் போட்டிருக்கிறார்.