எலும்புத் தண்ணீருக்கு 15 டாலரா?

அன்புள்ள ஐயா,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்பில், வடக்கு வர்ஜீனியாவில் ஒரு வியட்நாமிய சூப் கடையில் ஃபா என்கிற நூடுல்ஸ் சூப் சாப்பிட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் போன சனிக்கிழமை ராத்திரி மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். ஏமாற்றம்தான். மெனுவை மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். சிரிப்பு இல்லை, விளக்கம் இல்லை. பாதி சாப்பிடும்போதே பில் வந்துவிட்டது. கார்டு வாங்க மாட்டார்களாம். மகனை ஏடிஎம் தேடி அனுப்பினேன். ஒரு தட்டு நிறைய இலைதழை வேறு, அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு கிண்ணம் 15 டாலர். பத்து வருடத்துக்கு முன் எட்டுக்குக் கிடைத்தது என்கிறார் அலுவலக நண்பர். எலும்புத் தண்ணீருக்கும் நூடுல்ஸுக்கும் இது அதிகமில்லையா? மனைவி சைவம். 'வெஜிடபிள் ஃபா' என்று போட்டிருந்ததை வாங்கிக்கொடுத்தேன். அது சைவம்தானா என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் போகவில்லை. எளிமையான கடை என்றாலே நீங்கள் கொஞ்சம் அதிகமாக உருகிவிடுகிறீர்களோ?

க. ர., மேரிலாந்து

அன்புள்ள க. ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், உருகிவிடுகிறேன். கால் ஆடும் மேஜை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய காலண்டர், கல்லாப் பக்கத்தில் ஒரு ஊதுவத்தி. இதையெல்லாம் பார்த்தால் சாப்பிடும் முன்பே எனக்குப் பாதி ருசி வந்துவிடுகிறது. அது என் பலவீனம். ஆனால் உங்கள் 15 டாலர் கணக்கை அப்படியே ஏற்க முடியவில்லை.

அதற்கு முன் உங்கள் மனைவியின் சந்தேகம். அது நியாயமானது. மாட்டெலும்புச் சாறு காய்ச்சும் கடைகளில் 'வெஜிடபிள்' என்றால் பல நேரம் மேலே போடும் காய்கறி மட்டும்தான். ஊற்றுவது அதே சாறாக இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தேட வேண்டிய சொல் 'சாய்'. பௌத்தச் சைவ உணவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமிய பௌத்தர்கள் பலர் சாய்தான் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் அமாவாசையன்று கவிச்சி சேர்க்காததைப் போல. சாய் என்று பலகை போட்ட கடையில் வெள்ளை முள்ளங்கி, காளான், கேரட் எல்லாம் போட்டுச் சாறு இறக்குவார்கள். மீன் சாஸும் இருக்காது. மனைவியை அங்கே அழைத்துப் போங்கள், போன வாரத்துக்காக ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். ராத்திரியில் போனது உங்கள் தப்பு. வியட்நாமில் ஃபா முதலில் காலைச் சாப்பாடு. ஹனோயில் விடிகாலையில் திறந்து, பானை காலியானதும் மூடிவிடும் கடைகள் உண்டு. அமெரிக்காவில் நாள் முழுக்க விற்கிறார்கள், சரி. ஆனால் ராத்திரிக்குள் பானை வற்றி உப்பேறியிருக்கும், இல்லை தண்ணீர் சேர்ந்திருக்கும். மதியம் ரசத்தைத் தெளிவாக எடுத்துக் குடித்தவருக்கும் ராத்திரி அடிமண்டியைக் குடித்தவருக்கும் கருத்து ஒன்றாக இருக்குமா?

சிரிக்கவில்லை என்கிறீர்கள். பாரிமுனைப் பக்கம் மதியச் சாப்பாட்டு மெஸ்ஸில் நமக்குப் பின்னால் ஒருவர் நம் இலையையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, அங்கே யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? ஃபா கடையின் வேகமும் அப்படித்தான். நூடுல்ஸைக் கூடையில் போட்டுக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, இறைச்சி, வெங்காயத்தாள், கொத்தமல்லி வைத்து, மேலே சாற்றை ஊற்றினால் கிண்ணம் தயார். மொத்தம் ஒரு நிமிடம். சாப்பிட ஒரு கால் மணி. பில்லை முன்னாடியே வைத்தது எழுந்து போங்கள் என்று சொல்வதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. முடிந்ததும் யாரையும் கூப்பிடாமல் கல்லாவுக்குப் போகலாம், அவ்வளவுதான். உங்கள் மகனை ஏடிஎம்முக்கு அலையவிட்டது மட்டும் வாசலில் எழுதி ஒட்டியிருக்க வேண்டிய விஷயம். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

இலைத் தட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. ஃபா பிறந்தது வடக்கே, ஹனோய், நாம் தின் வட்டாரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அங்கே அது அடக்கமான பண்டம். தெளிந்த சாறு, வெங்காயத்தாள், வேண்டுமானால் கொஞ்சம் பூண்டு ஊறிய வினிகர். 1954ல் நாடு இரண்டானபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள். அவர்களோடு ஃபாவும் பெரிய அளவில் தெற்கின் தலைநகரான சைகோனுக்குப் போனது. அது கீரையும் பழமும் கொழிக்கும் மண். திருநீற்றுப்பச்சிலை வாசமுள்ள துளசி வகை, ரம்பம் போல விளிம்புள்ள மல்லி, பயற்றுமுளை, எலுமிச்சை எல்லாம் தட்டில் ஏறின. சாறும் கொஞ்சம் இனித்தது. 1975ல் சைகோன் வடக்கிடம் விழுந்த பிறகு அமெரிக்காவுக்கு வந்த அகதிகளில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். அதனால் உங்கள் மேஜைக்கு வந்தது சைகோன் தட்டு. இந்தக் கடைகளின் பலகையில் 54, 75 என்று எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லா எண்ணுக்கும் காரணம் இருக்கும் என்றில்லை. சில வெறும் ராசி எண். இந்த இரண்டையும் பார்த்தால் மட்டும் நான் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

தட்டை என்ன செய்வது? முதலில் எதையும் போடாமல் இரண்டு கரண்டி சாற்றைக் குடியுங்கள். அப்புறம் இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழியுங்கள். முதல்முறை போனபோது நான் சாம்பாரை ஊற்றுகிற கையோடு கறுப்பு சாஸையும் சிவப்பு சாஸையும் கிண்ணத்திலேயே பீய்ச்சிவிட்டேன். பக்கத்து மேஜைப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் சின்னத் தட்டில் இரண்டையும் ஒரு பொட்டு விட்டு, இறைச்சியை அதில் தொட்டு, நான் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சாப்பிட்டுக் காட்டினார். பெயரை 'ஃபோ' என்று சொன்னதற்கும் அவரே திருத்தினார். 'ஃபா' என்பதுகூட ஒரு உத்தேசம்தான். குரல் கீழே இறங்கி, கேள்வி கேட்பது போல மேலே ஏற வேண்டும். அந்த ஸ்வரத்துக்கு அவர்கள் மொழியில் பெயரே 'கேட்பது' என்ற பொருளில்தான்.

சரி, எலும்புத் தண்ணீர்.

அது மலிவாக இருந்த காலம் உண்டு. வியட்நாமை ஆள வந்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள். அவர்கள் வேண்டாமென்று தள்ளிய எலும்பும் துண்டும் சீன, வியட்நாமியத் தெருக்கடைக்காரர்கள் கைக்கு வந்தன. தோளில் காவடி போலத் தண்டு, ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறு முனையில் நூடுல்ஸும் கிண்ணமும். அதைவிட மலிவான ஃபாவும் இருந்தது. போர்க்காலத்து ஹனோயில், அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாமல் ஊற்றிக்கொடுத்தார்கள். அப்போது தலைக்கு மேல் அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஜனங்கள் அந்தக் கிண்ணத்துக்கு 'விமானி இல்லாத ஃபா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க் கதையையே பாருங்கள். வடக்கு வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் கிளாரண்டன் என்ற பகுதியை எழுபதுகளின் கடைசியில் குட்டி சைகோன் என்றே சொன்னார்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். வியாபாரிகள் ஓடிப்போனார்கள், வாடகை விழுந்தது, அகதிகள் கடை திறந்தார்கள். 1979ல் ரயில் நிலையம் திறந்தது. வாடகை ஏற ஏற அவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பலர் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்று நீங்கள் காய்கறி வாங்கப் போகும் ஈடன் சென்டர் என்ற வியட்நாமியக் கடை வளாகம். தெரு தோண்டிக் கிடந்ததால் கிடைத்த விலை அது, தெருவைச் சரிசெய்ததும் போய்விட்டது.

பானைக்குள் நடப்பதையும் சொல்கிறேன். எலும்பை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். எலும்பைக் கழுவி, புதுத் தண்ணீரில் எட்டு, பத்து மணி நேரம் மெல்லிய தீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். யாராவது பக்கத்தில் நின்று நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இஞ்சியையும் வெங்காயத்தையும் சுட்ட கத்தரிக்காய்க்கு வாட்டுவது போல நேரடித் தீயில் தோல் கருகும்வரை வாட்டிப் போடுவார்கள். பிறகு பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய், அன்னாசிப்பூ. கிண்ணத்தின் ஆவியில் பிரியாணி வாசம் அடித்ததா? வியட்நாமின் லாங் சோன் மலைப்பக்கம் அன்னாசிப்பூவுக்குப் பேர்போன இடம். அங்கிருந்து நம் மளிகைக் கடைகளுக்கும் வருகிறது.

இந்த எட்டு, பத்து மணி நேர உழைப்புக்கு அந்தக் காலத்தில் யார் காசு கொடுத்தது? நீங்களும் இல்லை, நானும் இல்லை. கணவன் அடுப்பில், மனைவி கல்லாவில், மச்சான் பாத்திரம் கழுவுகிற இடத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மேஜை துடைத்தபடி. யாருக்கும் சம்பளம் கிடையாது. உங்கள் நண்பர் சொன்ன எட்டு டாலரில் இவர்கள் கூலி இல்லை. நான் போன கடையில் முதலாளியிடம் மகனைப் பற்றிக் கேட்டேன். மருந்தாளுநராம். "கடைக்கு வரமாட்டான், வரவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சம்பளத்துக்கு வைத்திருக்கும் பையனைப் பார்த்து ஏதோ கத்தினார். விலை எங்கே ஏறியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நம் மெஸ்களிலும் பையன் ஐடி கம்பெனிக்குப் போனதும் சாப்பாட்டு விலை ஏறுகிறது, இல்லை ஷட்டர் இறங்குகிறது.

அதே ஊரில் தட்டில் நாலு துண்டு பாஸ்தா வைத்து 28 டாலர் வாங்குகிறார்கள். அதற்கு யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. எலும்புச் சாற்றைப் பிரெஞ்சுக்காரன் தெளிய வைத்து வேறு பெயர் சொன்னால் மேஜைவிரிப்போடு காசு கொடுக்கிறோம். உங்களைக் குத்திக்காட்டவில்லை. அந்தக் குறிப்பில் நானே "இவ்வளவு மலிவாக" என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது கூச்சமாக இருந்தது.

இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குள். பையில் ரொக்கம் இருக்கட்டும். சில கிண்ணங்களில் இறைச்சியைப் பச்சையாக வைத்துச் சாற்றின் சூட்டில் வேகவிடுவார்கள். மகனுக்கு அது கூச்சமென்றால் வெந்ததாகக் கேளுங்கள், அல்லது கோழி. பனிக்கட்டி போட்ட காப்பியை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள், அது ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்க நேரமெடுக்கும். கடைசி மேஜையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி துளசி இலைகளை ஆய்ந்துகொண்டிருப்பார். நீங்கள் போவதையும் வருவதையும் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். தயவுசெய்து அடுத்த கடிதத்தில் அதை ஒரு புகாராக எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ந.