பின் டயருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன் 400 குதிரைத்திறன் கொண்ட ரியர் வீல் டிரைவ் (என்ஜின் பின் சக்கரங்களை மட்டும் இயக்கும்) கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். போன வாரம் மழையில் ஒரு ரவுண்டானாவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை லேசாகத்தான் மிதித்தேன். பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. எப்படியோ வண்டி நேரானது, பயம்தான் போகவில்லை. இன்னும் அகலமான டயர் போடச் சொல்கிறார் நண்பர். முன் டயர்கள் தேய்ந்திருக்கின்றன. இரண்டு மட்டும் புதிதாக வாங்கி முன்னால் போடலாமா? இல்லை, மழைக்காலம் முடியும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வண்டியைத் தாராளமாக எடுக்கலாம். அதற்கு முன் குனிந்து பின் டயர்களைப் பாருங்கள். முன் டயரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், வழுக்கிய பின் டயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புது டயரின் டிரெட் ஆழம், அதாவது தரையைத் தொடும் ரப்பரில் உள்ள காடிகளின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர். பல நாடுகளில் சட்டம் 1.6 வரை விடுகிறது. ஈரச் சாலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே மாற்றிவிடுவது என் வழக்கம். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயரில் டிரெட் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். முன்பு வைத்திருந்தவர் பந்தயத் தடத்துக்கான டயரைப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அதில் நீர் வெளியேறக் காடிகள் மிகக் குறைவு.

அகல டயர் வேண்டாம். காய்ந்த சாலையில் அது நல்லதுதான். தேங்கிய நீரில் அது ஒதுக்கித் தள்ளவேண்டிய தண்ணீர் அதிகம், அதனால் சீக்கிரம் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும். காற்றழுத்தமும் முக்கியம். விமானச் சக்கரங்களை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட கணக்குப்படி, 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) உள்ள டயர் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 25 பிஎஸ்ஐ என்றால் 83-இலேயே. காருக்கு இது தோராயம்தான், தேய்ந்த டயர் இன்னும் முன்னாலேயே மிதந்துவிடலாம்.

இரண்டு டயர் மட்டும் வாங்குவதானால் புதியவை பின்னால் போகட்டும், இப்போது பின்னால் இருப்பவை நன்றாக இருந்தால் முன்னால் வரட்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் நாம் யோசிக்கும் முன்பே வண்டி சுற்றிவிடும். உங்கள் காரில் முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருந்தால் மாற்றிப் போட முடியாது. அப்போது நாலையும் சேர்த்து மாற்றுங்கள். பனி விழும் இடமென்றால் தனிக் கதை: 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். மூன்று சிகரமும் பனித்துகளும் கொண்ட குறி பொறித்த, பனிக்கான டயரை நாலு சக்கரத்துக்கும் போடவேண்டும்.

சரி, ரவுண்டானாவில் என்ன நடந்தது? ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கை அளவு. வளைவில் வண்டியை வெளியே போகவிடாமல் பிடிப்பதும், என்ஜினின் இழுவையைத் தரைக்குக் கொடுப்பதும் அந்த உள்ளங்கைதான். ஈரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் அதற்குத் தாங்காது. ஸ்டியரிங் நேராக ஆக ஆக, அந்த அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டரைக் கொடுங்கள். காலை வெடுக்கென்று எடுப்பதும் ஆபத்து: எடை முன்னுக்குப் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். வளைவின் நடுவே கியரைக் குறைத்து கிளட்சைச் சட்டென்று விட்டாலும் இதே கதிதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வெகுநாள் வெயிலுக்குப் பின் வந்த முதல் தூறல், சாலையில் எண்ணெயும் தூசியும் குழைந்து கிடந்தன. கண்ணுக்குத் தெரியும் முன் இடுப்புக்குத் தெரிந்தது, இருக்கை பக்கவாட்டில் நகர்வது போல. வால் போன பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது சரி. பிடிப்பு திரும்பிய கணத்தில் ஸ்டியரிங்கை நேராக்கத் தாமதித்தேன், வண்டி மறுபக்கம் இன்னும் வேகமாக வீசியது. முதல் வழுக்கலைவிட அந்த இரண்டாவது வீச்சுதான் ஆட்களைச் சாலையை விட்டு வெளியே தள்ளுகிறது. போகவேண்டிய இடத்தையே பாருங்கள், கைகள் கண்ணைத் தொடர்ந்து வரும்.

டிராக்ஷன் கண்ட்ரோலை அணைக்காதீர்கள். அது சக்கரம் வீணாகச் சுற்றுவதைக் குறைக்கும், இல்லாத பிடிப்பைத் தராது. மழைக்கான மோடு இருந்தால் போடுங்கள். மேனுவல் கியர் என்றால் வழுக்கும் இடத்தில் இரண்டாம் கியரில் மெல்லக் கிளப்புங்கள். அப்புறம், மழையில் வேகத்தைத் தானாகவே மாறாமல் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

பின் டயர்களின் டிரெட் ஆழத்தை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து, அந்த நாலு இலக்கத்தோடு எனக்கு எழுதுங்கள். அதுவரை ஈரத்தில் அந்த ரவுண்டானாவை ஒரு கியர் கூட்டியே சுற்றி வாருங்கள்.