வண்டிக்குள் நிற்கும் வாடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாக ஊர் திரும்பியபோது, நீண்டகரையில் அயிலையும் சாளையும் வாங்கித் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டுப் பின்னிருக்கையின் காலடியில் வைத்திருந்தோம். மலைப்பாதை வளைவில் பெட்டி சாய்ந்து, ஐஸ் உருகிய தண்ணீர் முழுவதும் கார்ப்பெட்டில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் துடைத்தோம், சாம்பிராணி போட்டோம், ஏசி துவாரத்தில் வாசனைப் புட்டியும் மாட்டினோம். காலையில் அவ்வளவாகத் தெரியாத வாடை, வெயில் ஏறியதும் வண்டிக்குள் உட்கார முடியாதபடி கிளம்புகிறது. இருக்கைகளையே மாற்ற வேண்டுமா?
– வாசகி ஒருவர், செங்கோட்டை

பதில்: இருக்கைகளை மாற்ற வேண்டாம் அம்மா; வாடை அங்கே இல்லை. காரின் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான பஞ்சுவிரிப்போ ஃபோமோ இருக்கும். கொட்டிய தண்ணீர் மேல்துணியில் நிற்காமல் அதற்குள் இறங்கி, தகரத் தரைவரை போய்த் தேங்கிவிடுகிறது. நீங்கள் துடைத்தது மேல்துணியை மட்டுமே. சந்தேகமிருந்தால் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துக் கார்ப்பெட்டின்மேல் வைத்து, முழங்காலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். கைக்கு உலர்ந்ததாகத் தெரியும் இடத்திலும் தாள் நனைந்து வந்தால், அடியில் இன்னும் மீன்தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

கடல்மீனின் தசையில் இயற்கையாகவே மணமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைன் என்னும் வேதிப்பொருளாக மாற்றுகின்றன. நமக்குத் தெரியும் மீன்வாடையில் பெரும்பங்கு அதனுடையது. சூடு ஏற ஏற அது வேகமாக ஆவியாகும் என்பதால்தான் உங்கள் வண்டியில் காலையில் அடங்கியிருப்பது மதியத்தில் கிளம்புகிறது. அது காரத்தன்மை கொண்டது. ஆகவே அமிலம் பட்டால் எளிதில் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கிவிடும். மீன் கழுவும்போது புளியைக் கரைத்து அலசுகிறோமே, அதே வேலையைக் காருக்குள் வினிகர் செய்யும். சாம்பிராணியும் வாசனைப் புட்டியும் இந்த மாற்றம் எதையும் செய்வதில்லை. அவை வாடையின்மேல் இன்னொரு வாடையை ஏற்றி வைக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் வேலை, கதவடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்குவது. சில வண்டிகளில் இதற்கு இருக்கையின் போல்ட்டுகளையும் கழற்ற வேண்டியிருக்கும். முன்னிருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது; பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மெக்கானிக்தான் அதைத் தொட வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் கொடுப்பதானால், கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலும் கழுவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். மேலே நுரை போட்டுத் தேய்த்து வாசனை அடித்துக் கொடுத்தால், உங்கள் பணம்தான் வீண்.

கழுவப் பச்சைத்தண்ணீரே போதும். வெந்நீர் பட்டால் மீனின் புரதம் இறுகித் துணி இழையிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறிதளவு திரவ சோப்பு கலந்து அலசி, ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கொண்டு இழுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து தெளித்து அரைமணி நேரம் விடுங்கள். துணியின் நிறம் போகுமா என்று மறைவான ஓர் ஓரத்தில் முதலில் தெளித்துப் பார்ப்பது நல்லது. பிறகு மீண்டும் அலசி ஈரத்தை இழுத்துவிடுங்கள். கழுவ பிளீச்சிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அது வினிகருடன் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

இதற்குப் பின் காய வைப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அவசரப்படக் கூடாத இடமும் அதுவே. அரைகுறையாகக் காய்ந்த ஃபோமில் மீன்வாடை போய்ப் பூஞ்சைவாடை குடியேறும். சாரல் காலமாக இருந்தால் செங்கோட்டையில் வெயிலை நம்ப முடியாது. கூரைக்கடியில் வண்டியை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து, தூக்கிய கார்ப்பெட்டுக்கு அடியில் காற்றுப் போகும்படி டேபிள் ஃபேனை வையுங்கள். தென்காசியைத் தாண்டிக் கிழக்கே உறவினர் வீடு இருந்தால் அங்கே ஒரு பகல் நிறுத்துவது இன்னும் நல்லது. கார்ப்பெட்டை மீண்டும் விரிக்குமுன் தகரத் தரையையும் பாருங்கள். மீன்தண்ணீரில் உப்பு உண்டு, துரு அங்கேதான் தொடங்கும்.

சமையல் சோடா தூவலாமா என்று அடுத்த கேள்வி வரும். சிந்திய பால் புளித்த வாடைக்கும் குழந்தை வாந்தி எடுத்த வாடைக்கும் அது பொருந்தும். ஏனெனில் அவை அமில வகை, சோடா காரம். மீனுக்கு வினிகரே ஏற்றது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது; பொங்கி நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று தின்றுவிடும்.

கேள்வி: எதுவும் சிந்தவில்லை. ஆனாலும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஏசி போட்டவுடன் சில நிமிடங்களுக்குப் பூஞ்சைவாடை அடிக்கிறது. இடப்பக்க முன்னிருக்கையின் மிதியடியும் ஈரமாக இருக்கிறது.
– வாசகர் ஒருவர், குமுளி

பதில்: உங்கள் ஊர் ஈரப்பதத்தில் ஏசியின் குளிர்சுருளில் தண்ணீர் ஏராளமாகப் படியும். அது ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசியைப் போட்டு நிறுத்திவைத்துக் கீழே பாருங்கள். நெடுநேரம் ஓடியும் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லையென்றால் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே வழிகிறது. இதைச் சரிசெய்வது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை.

கூடவே கேபின் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடித் துடைப்பான்களின் அடியில் மக்கிய இலைகள் சேர்ந்திருந்தால் அள்ளிவிடுங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் வாடை அங்கிருந்தே உள்ளே இழுக்கப்படும். ஃபில்டர் பக்கம் எலிக்கூடோ எச்சமோ தென்பட்டால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. எல்லாம் சரியானபின், வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசி பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஃபேனை மட்டும் ஓடவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சுருள் காய்ந்துவிட்டால் பூஞ்சைக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: காருக்குள் கற்பூரமோ அந்துருண்டையோ வைக்கலாமா?
– வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். நாப்தலீன் அந்துருண்டையின் ஆவி, பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மூடிய காரில் அது செறிந்து நிற்கும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும், குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். ஈரத்தைப் போக்கியபின் மிச்சமாக லேசான வாடை இருந்தால், துணிப்பையில் கட்டிய செயலூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் சார்கோல்) இருக்கைக்கு அடியில் வையுங்கள். அது மணமூட்டாமல் வாடையை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் வாடையோ, புகைக்குழாய் வாடையோ, கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கலுடன் இனிப்பான வாடையோ வந்தால், அது சுத்தம் செய்யும் விஷயமல்ல. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.