ஃப்ளையிங் கீஸ் பிளாக் தைக்கும்போது முக்கோணத்தின் நுனி மழுங்காமல் இருக்க என்ன செய்வது?

ஃப்ளையிங் கீஸ் என்பது, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் க்வில்ட் வேலையில் வரும் செவ்வக பிளாக்: நடுவில் ஒரு பெரிய முக்கோணம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய முக்கோணம். அளவு பார்த்துத்தான் வெட்டுகிறேன், ஆனாலும் பிளாக்குகளை வரிசையாகச் சேர்க்கும்போது பெரிய முக்கோணத்தின் நுனி தையலுக்குள் போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கென்றே விற்கும் ஸ்பெஷல் ஸ்கேலை வாங்கப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். தைத்து முடித்து இன்னும் எதனோடும் சேர்க்காத ஒரு பிளாக்கை எடுத்து, நுனிக்கு மேலே எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கால் இன்ச் இருந்தால் பிளாக்கில் குறை இல்லை, சேர்க்கும் தையல்தான் நுனியைத் தின்கிறது. கால் இன்ச்சுக்குக் குறைவாக இருந்தால் கோளாறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. எது என்று தெரியாமல் எதை மாற்றியும் பயனில்லை.

முதலில் பிளாக்கையே பார்ப்போம். தைத்து முடிந்தபின் 2×4 இன்ச் வரவேண்டும் என்றால், சேர்ப்பதற்கு முன் அது 2½×4½ இருக்கவேண்டும். நுனி, பக்க ஓரங்களிலிருந்து 2¼ இன்ச்சிலும் மேல் ஓரத்திலிருந்து ¼ இன்ச்சிலும் நிற்கும். எல்லோரும் நுனியையே பார்ப்பார்கள். நான் கீழ் மூலைகளைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டு சாய்வுத் தையலும் சரியாக அந்த மூலைகளில் வந்து முட்டவேண்டும். ஒரு பக்கம் மூலையில் முட்டி, மறுபக்கம் சற்று மேலே ஏறி முடிந்தால், நுனி நடுவில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும் பிளாக் சாய்ந்திருக்கிறது.

அளவு குறைவதற்கு முதல் காரணம் தையலுக்குப் பிடிக்கும் துணி. கால் இன்ச் என்றால் முழுக் கால் இன்ச் பிடிக்கக்கூடாது, ஓரிரு இழை குறைத்துப் பிடிக்கவேண்டும். அயர்ன் செய்து மடிக்கும்போது துணியின் கனமும் நூலின் கனமும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் இது எங்கே வருகிறது என்று பார்க்க, 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டிப் பக்கம்பக்கமாகச் சேர்த்து அயர்ன் செய்யுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஊசியை ஒரு படி நகர்த்துங்கள், அல்லது தட்டில் டேப் ஒட்டிப் புது ஓரம் வையுங்கள். கால் இன்ச் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம்) என்று போட்டு விற்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

தைக்கும் முறையில் எனக்குப் பிடித்தது ஒரே தடவையில் நான்கு பிளாக் வருவது. 2×4 அளவுக்குக் கணக்கு ஒரு 5¼ இன்ச் பெரிய சதுரம், நான்கு 2⅞ இன்ச் சிறிய சதுரம். நான் 5½, 3 என்று வெட்டிவிடுவேன். மிச்சத்தைப் பிறகு சீவிக்கொள்ளலாம். பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறிய சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்க வைத்தால், நடுவில் அவை கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அது சரிதான். மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டுங்கள். விரித்தால் இதய வடிவில் இரண்டு துண்டு கிடைக்கும். மீதி இரண்டு சதுரங்களை அவற்றின் காலி மூலையில் வைத்து அதையே திரும்பச் செய்தால் நான்கு பிளாக். இதில் பெரிய முக்கோணத்தின் நீள ஓரம் தானாகவே நேர் இழையில் அமைந்துவிடும். தனித்தனி முக்கோணமாக வெட்டித் தைப்பவர்களுக்கு அந்த ஓரம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வந்துவிட்டால் தொட்டாலே இழுபடும். அதைத் தவிர்க்க, பெரிய முக்கோணத்துக்குச் சதுரத்தை இரண்டு மூலைக்கோட்டிலும் நான்காக வெட்டவேண்டும்.

செவ்வகத்தின் மேல் சதுரத்தை வைத்துக் குறுக்கே தைத்து மடிக்கும் முறை சுலபம்தான். ஒவ்வொரு பிளாக்கிலும் வேறு வேறு நிறம் வேண்டுமென்றால் அதுவே வசதி, துணி மட்டும் கொஞ்சம் வீணாகும். அங்கே சதுரத்தில் மூலைக்கு மூலை போட்ட கோட்டின் மேலேயே தைக்காமல், வெட்டி எறியப்போகும் மூலைப் பக்கமாக ஒரு இழை தள்ளித் தையுங்கள். மடித்துப் பார்த்து, மூலையோடு மூலை பொருந்திய பிறகே மிச்சத்தை வெட்டவேண்டும். ஒரு இன்ச் உயரம் மாதிரி மிகச் சிறியவைக்கு, வடிவம் வரைந்த காகிதத்தோடு துணியைச் சேர்த்துத் தைப்பதுதான் நிம்மதி. காகிதத்தைக் கிழித்தெடுப்பது எரிச்சலான வேலை என்பது வேறு விஷயம்.

வெட்டுமுன் துணிக்குக் கஞ்சி ஸ்ப்ரே அடித்துக் காயவைத்து அயர்ன் செய்யுங்கள். அதன்பின் அயர்ன் பாக்ஸை வைத்து எடுக்கவேண்டுமே தவிர இழுக்கக்கூடாது. தையல் மடிப்பு சிறிய முக்கோணங்களின் பக்கம் போகட்டும். சீவும்போது ஸ்கேலின் 45 டிகிரி கோட்டைத் தையலின் மேல் வைத்து, நுனி 2¼, ¼ அளவில் வரும்படி நிறுத்தி, மேல் ஓரத்தையும் வலப்பக்க ஓரத்தையும் வெட்டுங்கள். பிளாக்கைத் திருப்பி, வெட்டிய ஓரங்களை 2½, 4½ கோடுகளில் வைத்து மற்ற இரண்டு பக்கங்களையும் வெட்டிவிடலாம்.

இனி சேர்ப்பது. பெரும்பாலும் நுனி போவது இங்கேதான். நுனி உள்ள பிளாக்கின் பின்பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேலே இருக்கவேண்டும். இரண்டு சாய்வுத் தையலும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி தெரியும். அந்தக் குறி வெட்டும் புள்ளிக்கு ஒரு இழை வெளியே, அதாவது துணி ஓரத்தின் பக்கமாக, ஊசி இறங்கவேண்டும். உள்ளே போனால் நுனி காலி. தையல் நீளம் 2 மில்லிமீட்டர் போதும். தைக்கத் தொடங்கும் துணி முனை மெஷினுக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு துண்டுத் துணியில் தைக்க ஆரம்பித்து அப்படியே பிளாக்குக்கு வாருங்கள். அயர்ன் செய்யும்போது மடிப்பு நுனிக்கு எதிர்ப்பக்கம், அடுத்த முக்கோணத்தின் அடிப்பகுதியை நோக்கிச் சாயட்டும். நுனியில் ஏற்கெனவே துணி அடுக்கடுக்காக இருக்கிறது.

ஒவ்வொரு தையலிலும் 1/16 இன்ச் கூடுதலாகப் பிடித்தால், ஒரு இணைப்பில் இரண்டு துணியிலுமாக 1/8 இன்ச் போகும். 12 பிளாக் வரிசையில் 11 இணைப்பு, அதாவது 1⅜ இன்ச் குறைந்துவிடும். அதனால் வரிசை முடியும்வரை காத்திருக்காமல் நான்கு நான்காகச் சேர்த்து அளந்து பாருங்கள். நான்குக்கு 8½, பன்னிரண்டுக்கு 24½ இன்ச் வரவேண்டும்.