வாடகை தராதவரின் கடைக்குப் பூட்டுப் போடலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எனக்குள்ள கடையொன்றை எழுத்தில் எதுவுமின்றி மாத வாடகைக்குக் கொடுத்தேன். ஏழு மாத வாடகை நிலுவையில் உள்ளது. பாதியைக் கையில் தந்துவிட்டதாகவும், மீதியைக் கூரைத் தகடு மாற்றிய செலவில் கழித்ததாகவும் வாடகைக்காரர் சொல்கிறார். பெர்மிட் காணி (அரசின் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி) என்பதால் தன்னை எழுப்ப முடியாது என்றும் வாதிடுகிறார். கடைக்கு வேறு பூட்டுப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து பூட்டுப் போடாதீர்கள், மின்சாரத்தையும் துண்டிக்காதீர்கள். பூட்டிய அன்றே அவர் பொலிஸில் முறையிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் விடயம் நீதவானிடம் போகலாம். அந்த வழக்கில் வாடகை பாக்கியா, காணி யாருடையது என்பவற்றைத் தீர்க்கமாட்டார்கள். வழக்குத் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் எதிராளியாக நிற்கும் நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

அவரை வெளியேற்றுவதற்கான இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கு போவதற்கு முன் வாடகைக்குடி, அதாவது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வாடகை உறவு, முறைப்படி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. மாத வாடகைக்கு அது தேவையில்லை என்பதால், வாய்ப்பேச்சு ஒழுங்கு என்பதற்காக உங்கள் வழக்கு விழுந்துவிடாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்கள் கடையைக் கட்டுப்படுத்துகிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் முதலில் உறுதிசெய்யுங்கள். கட்டுப்படுத்தினால் அறிவித்தல் காலமும் நிலுவை பற்றிய நிபந்தனைகளும் வேறு. கட்டுப்படுத்தாவிட்டால் முழு நாட்காட்டி மாதமொன்றுக்கான அறிவித்தல் வேண்டும். உதாரணமாக, வாடகை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தொடங்குவதாயின், மே மாதம் முடிவதற்குள் அவர் கையில் கிடைக்கும் கடிதம் யூன் 30இல் கடையை ஒப்படைக்குமாறு கேட்க வேண்டும். திகதி பிழைத்தால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் வழக்குத் தள்ளுபடியாகலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியுடன் சேர்த்து வையுங்கள்.

அறிவித்தல் போன பின் அவர் ஒரு மாத வாடகையை நீட்டினால், வழமைபோல வாங்கி வாடகைப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அறிவித்தலைக் கைவிட்டு அவரைத் தொடர்ந்து இருக்க விட்டீர்கள் என்ற வாதத்துக்கு அந்தச் சீட்டே ஆதாரமாகும். வாங்குவதாயின், உரிமைக்குப் பாதகமின்றி நட்டஈட்டுக் கணக்கில் பெறப்பட்டது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள்.

கையில் தந்தேன் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். ஆயினும் இதுவரை நீங்கள் ஒரு மாதத்துக்கேனும் பற்றுச்சீட்டு கொடுக்காதவராயின், சீட்டில்லாமல் வாங்குவதே உங்கள் வழக்கம் என்று அவர் சாட்சியத்தில் சொல்வார், அது எடுபடவும் கூடும். எனவே வங்கிக் கணக்குப் புத்தகம், கைத்தொலைபேசிச் செய்திகள், நீங்கள் எழுதிவைத்த கொப்பி ஆகியவற்றைக் கொண்டு, எந்த மாதம் எவ்வளவு வந்தது என்ற பட்டியலை இப்போதே தயாரியுங்கள். கூரைச் செலவைப் பொறுத்தவரை, தகடு மாற்றச் சொன்னது யார், வாடகையில் கழிக்கலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா என்பவையே கேள்விகள். உண்மையில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தொகையை மறைக்காமல் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். ஒன்றில் பொய் சொன்னவரின் மற்றச் சாட்சியத்தையும் நீதிபதி சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

பெர்மிட் விடயத்தில் நான் மிகவும் கவலைப்படுகிறேன், ஏனெனில் வன்னியில் ஏராளமான குடும்பங்களிடம் உள்ளது உறுதிக் காணியல்ல, அனுமதிப்பத்திரக் காணியே. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி, உங்களை உரிமையாளராக ஏற்று உள்ளே வந்த வாடகைக்காரர், வாடகைக்குடி நீடிக்கும்வரை, தொடக்கத்தில் உங்களுக்கு உரித்திருந்ததை மறுக்க முடியாது. அது உங்களுக்குப் பலம். ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. நிபந்தனை மீறப்பட்டால் அனுமதிப்பத்திரமே இரத்தாகலாம். வழக்கில் வாடகைக்காரர் இதைக் கிளப்பினால், கடையுடன் காணியும் கேள்விக்குள்ளாகும். ஆகவே அறிவித்தல் அனுப்புவதற்கு முன் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளைச் சட்டத்தரணிக்கு வரிவரியாகக் காட்டுங்கள். இந்த ஆபத்து உங்களுக்கு உண்மையாகவே இருக்குமானால், நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாவது பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் கடையை மீட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தொகையைப் பொறுத்து, அச்சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடரவே முடியாமலும் போகலாம். அங்கு உடன்பாடு வந்தால், சாவி தரும் திகதியும், பணம் தரும் திகதியும், கடையிலுள்ள பொருட்களை எடுத்துச் செல்வதும் எழுத்தில் இருக்கட்டும்.

காலத்தையும் கவனியுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் வரவேண்டிய பணத்துக்கு மூன்று வருடங்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் காலாவதியாகிவிடும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்த பின்னரும் நீங்களாகக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டாம். அவர் விலகாவிட்டால், நீதிமன்றத்தின் நிறைவேற்றுக் கட்டளையைப் பெற்று, பிஸ்கால் (கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்து ஒப்படைக்கும்போதே கடையைப் பொறுப்பேற்க வேண்டும்.