டயட் கோலாவுக்கு மாறியும் சுகர் இறங்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: வயது 44, குன்னூரில் அலுவலக வேலை. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டில் 6.1 என்று வந்ததும் சாதாரண கோலாவை விட்டுவிட்டு டயட் கோலாவுக்கு மாறினேன். தினம் மூன்று டின். ஒரு வருடம் கழித்து 6.2, தொப்பையும் அப்படியே இருக்கிறது. ஒரு நாள் விட்டால் தலைவலி வருகிறது. சர்க்கரையே இல்லாததைக் குறைத்து என்ன லாபம்?

பதில்: குறையுங்கள், ஆனால் பழைய கோலாவுக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள். அதில் 300 மில்லிக்கு சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீங்கள் மாறியது நல்லதுதான், மாறியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டீர்கள்.

டயட் கோலா குடித்த உடனே சுகர் ஏறாது. ஆனால் எடையைக் குறைக்க, அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது, நீண்ட காலத்தில் பலன் தெரியவில்லை என்பதால். இவற்றை நிறைய குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருவதாகவும் ஆய்வுகள் உண்டு, ஆனால் ஏற்கெனவே எடை கூடியவர்கள்தானே டயட் பக்கம் போகிறார்கள், அதனால் பழி முழுவதையும் டின் மேல் போட முடியாது. புற்றுநோய் பயமும் வேண்டாம், அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டிக்கு ஒரு நாளைய வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், மூன்று டின் அதன் பக்கத்தில்கூட வராது.

எனக்குச் சந்தேகம் டின்னோடு சேர்ந்து உள்ளே போவதன் மேல்தான். நீங்கள் எழுதவில்லை, நம்ம ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன், கூட வர்க்கி பிஸ்கட் உண்டா? மைதாவும் கொழுப்பும்தான் அது. டயட்தானே குடிக்கிறோம் என்ற தைரியத்தில் இரண்டு கூடுதலாகப் போகும், கோலாவில் மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிவிடும். அப்புறம், இந்தக் குளிரில் தாகம் தெரியாது, நாள் முழுக்க டீயும் டின்னும் தவிர பச்சைத் தண்ணீரே குடிக்காத ஆட்களை கிளினிக்கில் நிறைய பார்க்கிறேன்.

தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் காஃபீன். திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தொடங்கி ஒரு வாரம்கூட படுத்தும். அதனால் தினசரி மூன்று டின்னில் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், முதலில் சாயங்கால டின், ஏனென்றால் அது தூக்கத்தையும் கெடுக்கும், தூக்கம் கெட்டால் சுகரும் கெடும். அந்த இடத்தில் காலையிலும் மதியமும் சர்க்கரை போடாத கட்டன் டீ குடிக்கலாம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு காஃபீனை டின்னில் காசு கொடுத்து வாங்குவது எனக்கு இன்னும் விளங்கவில்லை! வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம், சுகருக்கு எல்லாம் ஒன்றுதான். குமிழி வந்தே ஆக வேண்டும் என்றால் வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், உப்பைக் குறைத்து.

ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து பதினைந்து நிமிடம் நடங்கள். இருட்டினால் காட்டெருமை, கரடி வரும் பக்கம் என்றால் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சரி. எச்பிஏ1சி காட்டுவது கடந்த மூன்று மாதச் சராசரி, அதனால் அதற்கு முன்னால் அவசரப்பட்டு டெஸ்ட் எடுக்காதீர்கள். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போடாமல் உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.