கேபிள் கார் கதவு சாத்துகிற நேரம்

வணக்கம் அக்கா,

நான் யாழ்ப்பாணம், இப்போது சுவிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. போன கோடை விடுமுறைக்கு லண்டனில் இருந்து வந்த மச்சான் குடும்பத்தோடு வெங்கனில் போய் நின்றோம். பனிக்காலத்தில் ஸ்கீ ஓடுகிற ஆக்களால் நிரம்புகிற ஊர், கோடையில் புல்வெளியும் மாட்டு மணிச் சத்தமும்தான். கார் போகாது, லவுட்டர்புருனனில் இருந்து பல்சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும். அதில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த நாள் மென்லிகன் மலைக்குப் போகக் கேபிள் காரில் ஏறினோம். பின்னால் ஆக்கள் நெருக்க நெருக்க நான் கண்ணாடிப் பக்கம் ஒதுங்கிவிட்டேன், கதவு சாத்தப் போகிற நேரம் நெஞ்சு அடித்த அடியில் இதோடு சரி என்றே நினைத்தேன். எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கை நடுங்கி டிக்கெட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மனைவி பிள்ளைகளிடம் அப்பாவுக்கு முழங்கால் நோகுது என்று சொல்லிச் சமாளித்தா. பிறகு நான் ரயிலில் கிளைனே ஷைடெக் கணவாய்க்குப் போய், ஐகர் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மென்லிகன் வரைக்கும் நடந்தேன், பாதையின் ஒரு பக்கம் பள்ளம்தான், பயமே வரவில்லை.

இந்த வருடமும் அங்கேதான் போக வேண்டுமாம். மகன், "அப்பா, நீங்கள் கீழே நில்லுங்கோ, நான் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை. வைத்தியர் இதயத்தைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சின்ன வயதில் யுத்த நேரம் பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) ஆக்களோடு ஆக்களாக இருந்திருக்கிறோம், அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமா? உயரப் பயத்துக்கு என்ன செய்யலாம்? இல்லை, வேலை என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிடவா?

*

அன்புள்ள தம்பி,

வீட்டில் நிற்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பள்ளத்தின் ஓரமாக நடந்தவருக்கு உயரப் பயம் இருக்க வாய்ப்புக் குறைவு. உங்களைப் பிடித்தது நெருக்கமும் சாத்துகிற கதவும், இனி இறங்க முடியாது என்ற எண்ணமும். வந்தது பீதித் தாக்கு. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் சொல்கிறேன், அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் தானாக இறங்கும். நீங்கள் அது இறங்கும் முன்னரே வெளியே வந்துவிட்டீர்கள். வெளியே வந்ததும் கிடைத்த அந்த நிம்மதியை வைத்து, ஓடியதால்தான் தப்பினோம் என்று மூளை படித்துவைத்துக்கொள்ளும், அடுத்த முறை வரிசையில் நிற்கும்போதே மணி அடிக்கும். வீட்டில் நின்றால் அந்தப் பாடம் இன்னும் இறுகும்.

பங்கர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. தொடர்பு இருக்கலாம், கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த நாட்கள் கனவில் வருகிறதா, வெடிச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுகிறதா, அப்படியென்றால் கீழே சொல்வதை நீங்களாகத் தனியே செய்யாமல் ஒரு சிகிச்சையாளரோடு சேர்ந்து செய்யுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் இப்போதே தொடங்கலாம். உங்கள் ஊர்க் கடைத்தொகுதியின் லிஃப்டில், ஆக்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து ஏறுங்கள். பதற்றம் வந்தால் அதை அடக்கப் போராடாமல் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டபடி அது தணியும்வரை மேலும் கீழும் போய் வாருங்கள், பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாதீர்கள். அது சலித்துப்போகிற அளவுக்குச் செய்யுங்கள். வெங்கனுக்குப் போனதும் முதலில் கேபிள் கார் நிலையத்துக்குள் நின்று கார்கள் போய்வருவதைப் பாருங்கள், அன்றைக்கு ஏற வேண்டாம். அப்புறம் கூட்டம் சேர முன்னர் காலையிலேயே, மனைவியோடு மட்டும் ஏறுங்கள். மேலே போய்ச்சேர ஐந்து, ஆறு நிமிடம்தான். மனைவி "சரியா, சரியா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் பக்கத்தில் நின்றால் போதும்.

முழங்கால் கதைதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மனைவி அன்பில் சொன்னதுதான், ஆனால் மகன் அதை நம்பிக்கொண்டு உங்களைக் கீழே விட்டுவிட்டுப் போகத் தயாராகிவிட்டான். "முழங்கால் இல்லை, கதவு சாத்தும்போது அப்பாவுக்குப் பயம் வருகிறது, அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்" என்று பயணத்துக்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

லிஃப்டிலேயே முடியாமல் போனால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். 2022 ஜூலையில் இருந்து, வைத்தியர் எழுதிக்கொடுத்தால் உளவியலாளரிடம் பெறும் உளச்சிகிச்சையும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் வருகிறது, வழக்கமாக நீங்களே கட்டும் பங்கு மட்டும் உங்களுடையது. டொச்சில் (ஜெர்மன் மொழியில்) மனதைச் சொல்வது கஷ்டம் என்றால், தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.